ஓவியத்தில் பெண் உருவம் இயற்கையோடு ஒட்டாமல் நிற்பது ஏன்?

கேள்வி இதுதான்: ஆற்றங்கரைப் புல்லில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை யதார்த்த பாணியில் ஆயில் பெயின்டிங்காகச் செய்துகொண்டிருக்கிறார் ஒருவர். முகம், கை, உடையின் மடிப்பு எல்லாம் தனியாகப் பார்த்தால் நன்றாக வந்திருக்கிறது. மரத்தையும் தண்ணீரையும்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் சேர்த்துப் பார்த்தால், வேறெங்கோ இருந்த பெண்ணை வெட்டிக்கொண்டுவந்து ஒட்டியதுபோல் இருக்கிறது. உடற்கூறில் தவறா, பெர்ஸ்பெக்டிவில் தவறா என்று கேட்கிறார்.

பெரும்பாலும் இரண்டிலும் தவறு இருக்காது. அவள்மேல் விழும் வெளிச்சம் ஒன்று, அவளைச் சுற்றியிருக்கும் வெளிச்சம் இன்னொன்று. கோளாறு அங்கேதான். இது உங்களுக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. 1853-ல் பிரெஞ்சு ஓவியர் குர்பே தன்னுடைய 'குளிக்கும் பெண்கள்' ஓவியத்தைப் பிரான்சின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான பாரிஸ் சலோனில் வைத்தார். யதார்த்த ஓவியத்துக்கே முன்னோடி என்று சொல்லப்படுகிறவர். அதைப் போய்ப் பார்த்த தெலக்ருவா என்ற ஓவியர், அந்த ஏப்ரலில் தன் நாட்குறிப்பில் ஏறக்குறைய உங்கள் கேள்வியைத்தான் எழுதிவைத்தார்: நிலக்காட்சி அபாரமான வீரியத்தோடு இருக்கிறது, ஆனால் பெண்கள் பிறகு கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள், சுற்றியுள்ளவற்றோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. படம் இப்போது மோன்பெலியே நகரின் ஃபாப்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் தெலக்ருவா சொன்னது உடனே புரியும். நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் பெண்ணின் சதை அவ்வளவு கனமாக, உண்மையாக இருக்கிறது. ஆனால் அந்த முதுகை வெளிச்சமாக்கும் ஒளி அந்த இருண்ட காட்டுக்குள் எந்த வழியாக வந்தது என்று தேடினால் விடை கிடைக்காது. அது ஸ்டூடியோ வெளிச்சம்.

ஸ்டூடியோவில் ஒரு ஜன்னல், ஒரு திசை. வெளிச்சப்பக்கம், நிழல்பக்கம் என்று உருவம் சுத்தமாக இரண்டாகப் பிரியும். நிழலைக் கொஞ்சம் பழுப்பாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வெளியே அப்படி இல்லை. அங்கே ஒளிக்கு மூன்று வாசல். சூரியன் ஒன்று. முழு வானமும் இரண்டாவது விளக்கு. நிழலில் இருந்தாலும் மேல்நோக்கிய பரப்புகளில் எல்லாம் அதன் நீலம் விழும். மூன்றாவது தரை. வெயில் பட்ட புல்லோ மணலோ தண்ணீரோ கீழேயிருந்து மேல்நோக்கி ஒளி வீசிக்கொண்டே இருக்கும். வெளியில் இருக்கும் உடலைப் பார்க்கும்போது தோல் என்ன நிறம் என்று மட்டும் கேட்டால் போதாது. இந்தப் பரப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அது எதைப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். நிழலில் இருக்கும் தோள்பட்டையின் மேற்பகுதி வானத்தைப் பார்க்கிறது, அதனால் குளிர்ந்த நிறம். அதே கையின் அடிப்பக்கம் புல்லைப் பார்க்கிறது, அதனால் வேறு நிறம்.

சோதித்துப் பார்க்க மோவாய்க்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன இடம் போதும். அறைக்குள் ஒரு முகத்தில் மிக இருண்ட இடங்களில் அதுவும் ஒன்று. வெயில் காயும் புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ அது நிழலுக்குள்ளேயே வெளிச்சமான இடம். தரையிலிருந்து எழும் ஒளி நேராக அங்கேதான் போய் முட்டும். மேல் இமைக்கு மேலே இருக்கும் குழி, மூக்கின் அடிப்பரப்பு, மேலுதட்டின் கீழ் விளிம்பு எல்லாமே அப்படித்தான் லேசாக ஒளிரும். மூக்குத் துவாரம்கூடக் கறுப்பாக இருக்காது. சதைக்குள் ஊடுருவிய ஒளியால் சிவந்து கிடக்கும். கழுத்து நிழலைப் பழக்கத்தில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணத்தால் இருட்டடித்துவிட்டால், மீதிப் படம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த ஒரு திட்டு அவளை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். உங்கள் படத்தில் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள் என்பேன்.

சரி, புல்லிலிருந்து பச்சை ஒளி வருகிறது என்று சொன்னதும் கழுத்தில் பச்சையை எடுத்துப் பூசிவிடக் கூடாது. தோல் சிவப்பைத்தான் அதிகமாகத் திருப்பி அனுப்பும். பச்சை ஒளி அதன்மேல் விழும்போது கிடைப்பது மங்கிய ஆலிவ், அல்லது சாம்பல் கலந்த மஞ்சள். நிழலுக்குக் கலந்துவைத்த அதே நிறத்தில் சிவப்பைக் குறைத்து யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளைக் கூட்டி, ஒரு துளி அல்ட்ராமரீன் நீலம் சேர்த்தாலே போதும். பக்கத்தில் சிவந்த சதை இருப்பதால் வெறும் சாம்பல் நிறமே கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும். வெள்ளைத் துணி வேறு கதை. அது வந்ததை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெள்ளை உடையின் கீழ்மடிப்பில் பச்சை உண்மையிலேயே பச்சையாக இருக்கும், மேல்மடிப்பில் நீலம் நீலமாகவே இருக்கும். 1909-ல் ஸ்பெயின் ஓவியர் சொரோயா தன் மனைவியும் மூத்த மகளும் வலென்சியா கடற்கரையில் நடந்துபோவதை வரைந்தார். அந்த உடைகளை வெள்ளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கிட்டே போனால் நீலம், ஊதா, வெளிர்மஞ்சள்தான் கண்ணில் படும்.

மாநிறத் தோலும் கறுத்த தோலும் வரைகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியப் பயிற்சிப் புத்தகங்களில் இதைப் பற்றி அதிகம் இருக்காது. தோலின் உள்ளே புகுந்து திரும்பும் ஒளி தோலின் நிறத்தை எடுத்துவரும். மேற்பரப்பில் பட்டு அப்படியே தெறிக்கும் ஒளியோ, எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் நிறத்தை வைத்திருக்கும். வெளிர்தோலில் முதலாவது வலுவாக இருப்பதால் இரண்டாவது அமுங்கிவிடும். கறுத்த தோலில் இந்த மினுமினுப்புதான் உருவத்தையே சொல்லும். நெற்றி, கன்னமேடு, தோள்முனை, முழங்கால் ஆகிய இடங்களில் வானம் நீலச்சாம்பலாக மின்னும். அந்த இடங்களில் தோல் நிறத்தோடு வெள்ளையைக் கலந்து 'ஹைலைட்' போட்டால் சாம்பல் பூசியதுபோல் வெளிறிப்போகும். வானத்துக்குக் கலந்துவைத்த நிறத்தையே கொஞ்சம் அடக்கி அங்கே வையுங்கள். அடுத்த நொடியே அவள் அந்த வானத்தின் கீழ் வந்து உட்கார்ந்துவிடுவாள். நிழல்பக்கத்துக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரீனும் சேர்ந்த ஆழமான, சூடான கலவை. கறுப்பு தேவையே இல்லை.

இப்படிக் கண்ணால் கண்டதை வரைந்ததற்காக வாங்கிக்கட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1876-ல், மாறும் ஒளியைக் கண்டபடியே வரைய முயன்ற இம்ப்ரெஷனிஸ்டுகளின் இரண்டாவது கண்காட்சியில் ரென்வார் என்ற பிரெஞ்சு ஓவியர் ஒரு பெண்ணின் மேலுடலை மரநிழலில் வரைந்து வைத்தார். தோல்மேல் இலைகளின் வழியே விழுந்த வெயிலும் பச்சை, ஊதா நிழல்களும். 'லு ஃபிகாரோ' பத்திரிகையில் ஆல்பர்ட் வுல்ஃப் என்ற விமர்சகர், பெண்ணின் உடல் என்பது பிணம் முழுவதும் அழுகியதைக் காட்டும் பச்சை ஊதாத் திட்டுகளோடு கூடிய சதைக்குவியல் அல்ல என்று இவருக்கு யாராவது சொல்லுங்கள் என்று எழுதினார். படம் இன்று பாரிஸின் ஒர்ஸே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்முன் நிற்கிறவர்களுக்கு இலைகளும் வெயிலும்தான் தெரிகின்றன. ரென்வார் யதார்த்தவாதி இல்லைதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், அன்றைய சலோன் ஓவியர்கள் பலரைவிட அவர் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார் என்பது என் கருத்து.

மரநிழல் என்று வந்துவிட்டதால் அந்த வெயில் திட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இலைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் கோணல்மாணலாக இருந்தாலும் தரையில் விழும் திட்டுகள் வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும். காரணம், ஒவ்வொரு சின்னச் சந்தும் ஊசித்துளைக் கேமராபோல் சூரியனின் பிம்பத்தைத்தான் விழச்செய்கிறது. சூரிய கிரகணத்தின்போது எல்லாத் திட்டுகளும் பிறைகளாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இலை உயரத்தில் இருந்தால் திட்டின் ஓரம் மங்கலாகும், தாழ்வாக இருந்தால் கூர்மையாகும். உடல்மேல் விழும்போது திட்டு உடலின் வளைவோடு சேர்ந்து வளையும். மேல்கையில் விழுந்த திட்டு கையைச் சுற்றிக்கொண்டு போகும், கன்னத்தில் விழுந்தது தாடையில் இழுபடும். பலர் இலைவடிவத் திட்டுகளைத் தட்டையாக அள்ளித் தெளித்துவிடுகிறார்கள். அப்போது அது வெயிலாகத் தெரியாது, தோல் நோயாகத் தெரியும்.

அடுத்தது கனம். உட்கார்ந்திருக்கும் உடல் புல்லை அமுக்குகிறதா? குர்பே 1857 சலோனில் வைத்த 'ஸேன் நதிக்கரைப் பெண்கள்' படத்தில் இதை அற்புதமாகச் செய்திருக்கிறார். முன்னால் படுத்திருக்கும் பெண் தன் முழு எடையையும் தரையிடம் ஒப்படைத்துவிட்டாள். கை தளர்ந்து, இமை பாதி மூடி, உடை தரையில் பரந்து கிடக்கிறது. 'குளிக்கும் பெண்கள்' படத்தில் கிடைக்காத ஒட்டுதல் இதில் கிடைத்துவிட்டது. உடலும் தரையும் தொடும் கோட்டில், ஒளி எந்தப் பக்கமிருந்தும் நுழைய முடியாத ஒரு மெல்லிய இருட்டு இருக்கும். விரற்கடை அகலம்கூட இருக்காது. அதைத் தாண்டியதும் நிழல் உடனே வெளிறி வண்ணம் பெறத் தொடங்கும். அந்த மெல்லிய இருட்டை விட்டுவிட்டு, உருவத்தைச் சுற்றி ஒரே அடர்த்தியில் நிழல் போட்டால் அவள் புல்லுக்கு மேலே மிதப்பாள். கூடவே சில புல்நுனிகள் உடைக்கு முன்னால் வர வேண்டும். மடிந்த புல் ஒன்று தொடையோரத்தில் தெரிய வேண்டும். நின்றுகொண்டிருப்பவள் என்றால் பாதத்தை நன்றாகக் கவனித்து வரையுங்கள். கால் வரையப் பயந்து புல்லுக்குள் மறைத்துவிடுவது எல்லோரும் செய்வதுதான், பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்தும்விடும். பிரெஞ்சு ஓவியர் ஜூல் ப்ரெதோன் 1884-ல் வரைந்த 'வானம்பாடியின் பாட்டு' படத்தில் அரிவாளோடு நிற்கும் உழவர் வீட்டுப் பெண் வெறுங்காலோடு வயலில் நிற்கிறாள், பின்னால் சூரியன் அடிவானத்தில் இருக்கிறது. அந்தப் பாதங்களைப் பார்த்தாலே அவள் தினமும் அந்த மண்ணில் நடக்கிறவள் என்று தெரியும்.

இதோடு சேர்த்து ஒன்றைக் கேட்க வேண்டும்: அவள் அங்கே ஏன் இருக்கிறாள்? இது தொழில்நுட்பக் கேள்வி இல்லை என்று தோன்றும். ஆனால் பதில் இல்லாவிட்டால் உருவம் ஒட்டாது. ப்ரெதோனின் பெண் வேலைக்கு வந்தவள். இன்னொரு பிரெஞ்சு ஓவியரான மியேயின் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' (1857) குனிந்திருப்பது நிலத்தில் கிடக்கும் கதிருக்காக. ரவிவர்மாவின் சகுந்தலை காலில் முள் தைத்ததாகப் பாசாங்கு செய்து திரும்பிப் பார்க்கிறாள். அந்தக் காட்டின் தரையே அவளுக்குச் சாக்கு. இப்படி இடத்தோடு உடலுக்கு ஒரு வேலை இருந்தால் பார்வையாளர் ஒட்டுதலைப் பாதி தானே செய்துகொள்வார். கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கும் முகத்தையும் ஸ்டூடியோவில் நின்ற இடுப்பு வளைவையும் அருவிக்கரையில் வைத்தால் எவ்வளவு திறமை இருந்தாலும் அது காலண்டர் படமாகத்தான் முடியும். பெண் உருவம் காட்சிக்கு அலங்காரமாக வந்து நிற்கும் படங்கள் ஏற்கெனவே ஏராளம். அவளுக்கும் அங்கே குளிரும், வெயிலடிக்கும், முழங்கையில் புல் அச்சு பதியும். அது உங்களுக்குத் தோன்றினால்தான் படத்திலும் வரும்.

இப்போது பச்சைக்கு வருவோம். புதிதாக வரைகிறவர்களின் இயற்கைக் காட்சிகளில் பாதி, டியூப் பச்சையால் கெடுகிறது. விரிடியனோ தாலோ கிரீனோ அப்படியே எடுத்துப் பூசினால், அது எந்தத் தோல் நிறத்தோடும் ஒத்துப்போகாமல் பின்னணியாகவே நின்றுவிடும். தோலுக்குப் பயன்படுத்திய வண்ணங்களிலிருந்தே பச்சையைக் கலப்பதுதான் பாதுகாப்பான வழி. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் திறந்தவெளியில், தண்ணீர்க்கரையில் பெண் உருவங்களை நிறைய வரைந்தவர். வெள்ளை, யெல்லோ ஓக்கர், வெர்மிலியன் என்ற சிவப்பு, ஐவரி பிளாக் என்ற கறுப்பு ஆகிய நான்கு வண்ணங்களை மட்டும் கொண்ட பேலட்டை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். அதில் நீலமே இல்லை. ஐவரி பிளாக்கோடு வெள்ளை சேர்ந்தால் நீலச்சாம்பலாகத் தெரியும். ஓக்கர் சேர்ந்தால் அடங்கிய பச்சை கிடைக்கும். எல்லா நிறங்களும் ஒரே குடும்பத்திலிருந்து வருவதால் சதையும் செடியும் சண்டை போடுவதில்லை. நான்கோடு நிறுத்தத்தான் வேண்டும் என்பதில்லை. நீங்கள் கலந்த பச்சையில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேருங்கள். தோலின் நிழலில் அந்தப் பச்சையைக் கொஞ்சம் சேருங்கள். கேன்வாஸுக்கு ஆரம்பத்திலேயே செம்பழுப்பில் மெல்லிய அடித்தளம் போட்டு, இலைகளுக்கு நடுவே அதை அங்கங்கே தெரியவிட்டாலும் இதே பலன்தான்.

விளிம்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உருவத்தைச் சுற்றி முழு வெளிக்கோடும் ஒரே கூர்மையில் இருந்தால் அது வெட்டிய காகிதம்தான். கருங்கூந்தல் இருண்ட இலைகளுக்கு முன்னால் வரும் இடத்தில் இரண்டும் கலந்துபோகட்டும். வெயில் பட்ட தோள் நிழலுக்கு எதிரே வரும் இடத்தில் மட்டும் கூர்மை இருக்கட்டும். ஆயில் இதற்கென்றே பிறந்த ஊடகம். காய்வதற்கு நாள் எடுத்துக்கொள்வதால் உருவத்தின் விளிம்பும் பின்னணியும் ஈரமாக இருக்கும்போதே பிரஷால் ஒன்றை மற்றொன்றுக்குள் இழுக்கலாம். உருவத்தை முழுசாக முடித்துக் காயவைத்து, பிறகு அதைச் சுற்றிப் பின்னணியை நிரப்புவது இந்த வசதியைக் கையால் தள்ளிவிடுவதற்குச் சமம். இரண்டும் ஒரே நாளில், ஒரே ஈரத்தில் வளர வேண்டும். கீழ் அடுக்கு மெலிதாக, எண்ணெய் குறைவாக. மேல் அடுக்குகளில் எண்ணெய் கூடலாம் என்ற பழைய விதியை மட்டும் மீறாதீர்கள், மீறினால் பின்னாளில் வெடிப்பு விடும். நிழல்களை மெல்லியதாக, ஊடுதெரியும்படி வையுங்கள். வெயில் பட்ட இடங்களில் வண்ணம் தடிப்பாக நிற்கட்டும்.

நேரில் வரைவதற்கு இருக்கும் பெரிய தடை நேரம்தான். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் நிழல்கள் எல்லாம் இடம் மாறிவிடும். சார்ஜென்ட் என்ற ஓவியர் 'கார்னேஷன், லில்லி, லில்லி, ரோஸ்' படத்தை வரைந்த விதம் கொஞ்சம் பிடிவாதமானது. தோட்டத்தில் இரண்டு சிறுமிகள் காகித விளக்கேற்றும் அந்தி வெளிச்சம் அவருக்கு வேண்டும். அது மாலையில் சில நிமிடங்கள்தான் இருக்கும். அந்தச் சில நிமிடங்களுக்காக 1885 இலையுதிர்காலம் முழுவதும் தினமும் வரைந்தார். குளிர் வந்ததும் பிள்ளைகள் உடைக்குள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். ரோஜாக்கள் உதிர்ந்ததும் செயற்கைப் பூக்களைக் கட்டிவைத்தார். அப்படியும் முடியாமல் அடுத்த ஆண்டுதான் முடித்தார். இம்ப்ரெஷனிஸ்டுகளில் ஒருவரான மோனே 1866-ல் 'தோட்டத்தில் பெண்கள்' வரைந்தபோது, இரண்டரை மீட்டர் உயரக் கேன்வாஸின் மேற்பகுதி கைக்கு எட்டுவதற்காகத் தரையில் பள்ளம் வெட்டி அதை இறக்கி ஏற்றினார். ஆனாலும் கடைசி வேலையை ஸ்டூடியோவில்தான் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் மரநிழல் பாதையைக் கடந்து வெள்ளை உடையின்மேல் ஏறிப்போகும் இடத்தைப் பாருங்கள். பாதையும் உடையும் ஒரே நிழலுக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன.

எல்லோரும் இப்படிப் பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. தனித்தனியே வரைந்தும் ஒட்டவைக்கலாம் என்பதற்கு ஆங்கில ஓவியர் மில்லேயின் 'ஒஃபீலியா' சாட்சி. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் தண்ணீரில் மூழ்கி இறக்கும் பெண் அவள். 1851-ல் ஜூலை முதல் நவம்பர் வரை சர்ரே பகுதியில் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து செடிகொடிகளை மட்டும் வரைந்தார். பெண்ணை வரைந்தது அதற்குப் பிறகு, லண்டன் ஸ்டூடியோவில். மாடலாக இருந்த எலிசபெத் சிடல் தண்ணீர் நிரப்பிய குளியல்தொட்டியில் படுத்திருந்தார். தொட்டிக்கு அடியில் எரிந்த விளக்குகள் அணைந்துபோனதை ஓவியர் கவனிக்கவில்லை. அந்தப் பெண் குளிரில் நோயில் விழுந்தார். இப்படி இரண்டு இடத்தில், இரண்டு பருவத்தில் செய்த படம் ஏன் பிசகவில்லை? இரண்டு இடத்திலும் அவர் எடுத்துக்கொண்டது நேர்வெயில் இல்லாத, பரவலான வெளிச்சம். மேலும் உடலின் பெரும்பகுதி தண்ணீருக்குள் மூழ்கி, உடைமேல் பூக்கள் மிதந்து, விளிம்புகள் தாமே கரைந்துவிட்டன. இதற்கு நேர்மாறாக பிரெஞ்சு ஓவியர் மானேயின் 'புல்வெளியில் விருந்து' (1863). முன்னால் இருக்கும் பெண்ணின்மேல் நேரெதிரே அடிக்கும் தட்டையான வெளிச்சம், பின்னால் குளிப்பவள் அந்தத் தூரத்துக்கு மிகப் பெரிய அளவில். மானே வேண்டுமென்றே அந்த ஒட்டாமையை வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் யதார்த்தம் வேண்டும் என்கிறவர் அங்கிருந்து வழி எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஃபோட்டோவை வைத்து வரைகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. கேமரா வெயிலுக்கு அளவு வைத்தால் நிழலைக் கறுப்பாக்கிவிடும். நான் மேலே சொன்ன வானநீலமும் தரைப்பச்சையும் இருப்பது முழுக்க அந்த நிழலுக்குள்தான், படத்தில் அவை காணாமல் போய்விடும். பெண்ணின் படம் ஒரு நாளும் ஆற்றின் படம் இன்னொரு நாளும் எடுத்தது என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். அதே இடத்தில், அதே நேரத்தில் ஒருவரை உட்காரவைத்து, உள்ளங்கை அளவு பலகையில் அரைமணி நேரத்தில் ஒரு வண்ணக் குறிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கண், மூக்கு தேவையில்லை. வெயில் பட்ட தோல், நிழலில் தோல், வெயில் பட்ட புல், நிழலில் புல், தண்ணீர், வானம் என்று ஆறு திட்டுகள் போதும். அந்தச் சின்னப் பலகை நூறு ஃபோட்டோக்களைவிட உதவும்.

இப்போது கையில் இருக்கும் படத்தை என்ன செய்வது? அழிக்க வேண்டாம். முதலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். பெண்ணின் நிழலும் மரத்தின் நிழலும் ஒரே அளவு இருட்டில் இருக்கின்றனவா என்று தெரியும். பெண்ணின் நிழல் அதிக இருட்டு என்றால், காய்ந்த வண்ணத்தின்மேல் துளி எண்ணெய் தேய்த்து, தோளிலும் தொடையிலும் மேல்நோக்கிய நிழல்களில் மெல்லிய நீலச்சாம்பலைப் பரப்புங்கள். மோவாய்க்கு அடியிலும் கைக்கு அடியிலும் அந்த ஆலிவ் கலவையை வையுங்கள். அப்புறம் பின்னணிப் பச்சையில் மூன்று நான்கு இடங்களில் தோலின் நிறத்தைக் கொஞ்சம் கலந்து போடுங்கள், தண்ணீரில் அவள் உடையின் நிறம் விழும் இடம் உட்பட. கூந்தல் விளிம்பையும் நிழல்பக்கத்து முதுகின் விளிம்பையும் காய்ந்த பிரஷால் பின்னணிக்குள் இழுத்துவிடுங்கள். உட்கார்ந்த இடத்தில் அந்த மெல்லிய இருட்டுக் கோட்டை வைத்து, அதன்மேல் இரண்டு மூன்று புல்நுனிகளை உடைக்கு முன்னால் கொண்டுவாருங்கள். முகத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் மாறிய பிறகு முகத்தில் எது பொருந்தாமல் நிற்கிறது என்று தானே தெரியவரும், அதை மட்டும் திருத்தினால் போதும்.